புளியோதரை எங்கே போனது?

கேள்வி: எனக்கு 31 வயது. மும்பை செம்பூரில் அப்பா, அம்மாவோடு இருக்கிறேன். ஆடிட் ஆபீசில் வேலை. கல்யாணம் ஆகவில்லை, இப்போதைக்கு அந்த ஆசையும் இல்லை. சின்ன வயதில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்ன கதைகளில் வளர்ந்தவள் நான். ஏழு கடல், ஏழு மலை, கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் என்று கேட்டுவிட்டு, இப்போது தினமும் குர்லாவில் ரயில் மாறுவதோடு என் பயணம் முடிந்துவிடுகிறது. போன செப்டம்பரில் துணிந்து இரண்டு தோழிகளோடு இமாசலப் பிரதேசத்து ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் பன்னிரண்டு நாள் போய் வந்தேன். வீட்டில் புனேயில் ட்ரெயினிங் என்றும், அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றும் சொல்லிவிட்டு விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினேன். (அம்மா வாழையிலையில் புளியோதரை கட்டிக் கொடுத்தார். தோழிகள் முன்னால் பிரிக்கக் கூச்சமாக இருந்தது. ஏர்போர்ட் வாசலில் டாக்சிக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.) சந்திரதால் ஏரிப் பக்கம் கூடாரத்தில் இரண்டு ராத்திரி தங்கினோம். போனில் சிக்னலே கிடையாது. அப்படி ஒரு விடுதலையை நான் அனுபவித்ததில்லை. 'பயணம் செய்வதே வாழ்வது' என்று தேவதைக் கதைகள் எழுதிய டென்மார்க்காரர் ஆண்டர்சன் எழுதியது அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடம் ஊர் ஊராகப் போய் அங்கங்கே பாட்டிமார்களிடம் கதை கேட்டு எழுதலாம் என்றிருக்கிறேன். ஏழு லட்சம் சேமிப்பு இருக்கிறது. விக்கிரமாதித்தனே காடாறு மாதம் போனவன்தானே! வீட்டில் கேட்டால் விடமாட்டார்கள். கோவா போகக் கேட்டதற்கே அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு வேறு பைபாஸ் ஆகியிருக்கிறது. அதனால் ஜெர்மனியில் ஒரு வருடம் ஆன்சைட் வேலை என்று சொல்லிவிடலாம் என நினைக்கிறேன். என் முடிவு சரிதானா? எனக்குத் தைரியம் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம், செம்பூர்.

(பதினோரு பக்கக் கடிதம், சுருக்கியிருக்கிறோம்.)

பதில்: உன் வயதில் எனக்கு ஒரு மகள் இருக்கிறாள். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்ள வேறு விஷயங்கள் கீழே வருகின்றன.

'கனவைத் துரத்து மகளே' என்று நான் எழுதுவேன், அதைக் கத்தரித்துப் பர்சில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாய். வேலையை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று மாதத்துக்கு நாலைந்து கடிதம் எனக்கு வருகிறது. எல்லாவற்றிலும் ஒரு மலை இருக்கும், மேலே ஒரு நிலா இருக்கும், மூச்சு முட்டுகிற ஆபீஸ் ஒன்று இருக்கும். உன் கடிதத்தில்தான் ஒரு புளியோதரைப் பொட்டலம் இருக்கிறது. அதையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய். பதினோரு பக்கத்தில் சந்திரதால் நிலவுக்கு மூன்று பக்கம், அம்மாவின் பொட்டலத்துக்கு மூன்று வரி. நாலு நாளாக எனக்கு அந்த மூன்று வரிதான் தொண்டையில் நிற்கிறது.

நாலு மணிக்குக் கிளம்பினாய் என்கிறாய். அப்படியானால் உன் அம்மா எத்தனை மணிக்கு எழுந்தார்? புளியை முந்தின ராத்திரியே ஊறப் போட்டிருப்பார். அதைக் கரைத்து, நல்லெண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கொதிக்கவிட்டு, வறுத்த வெந்தயப் பொடியைத் தூவி இறக்க முக்கால் மணி நேரமாவது ஆகும். சாதத்தை உதிர் உதிராக வடித்துத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிட வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து ஊசிப்போகும். இலையைத் தணலில் வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. அந்த இலை செம்பூரிலேயே கிடைத்ததோ, மாட்டுங்கா மார்க்கெட் வரை போய் வாங்கி வந்தாரோ, நீ கவனித்திருக்க மாட்டாய். ராத்திரி இரண்டு மணிக்கு மேல் அவர் படுத்திருக்க வழியில்லை. நாலு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்குள் புனே. அதற்கு எதற்குக் கட்டுச்சோறு? முதல் நாள் அங்கே சாப்பாடு எப்படியோ, என் பெண் ராத்திரிக்கும் வைத்துச் சாப்பிடட்டும் என்ற நினைப்புதான்.

அதை நீ ஏர்போர்ட் வாசலில் இறக்கிவிட்டாய். டாக்சிக்காரர் வயிறாரச் சாப்பிட்டிருப்பார், அந்தப் புண்ணியம் உன் அம்மாவுக்கே சேரட்டும். நான் கேட்பது வேறு. பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்குள் நுழைந்ததும், "புளியோதரை கெடாம இருந்துச்சா?" என்று கேட்டிருப்பாரே. கேட்காத அம்மா கிடையாது. நீ என்ன பதில் சொன்னாய்? நிலாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவள் அதை எழுதாமல் விட்டுவிட்டாய்.

சரி, கதையில் வளர்ந்தவள் என்கிறாய். கதையையே எடுத்துக்கொள்வோம்.

நம் கதைகளில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. ராஜகுமாரனாக இருந்தாலும் கட்டுச்சோறு உண்டு, விறகுவெட்டி மகனாக இருந்தாலும் உண்டு. குளத்தங்கரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்கும்போதுதான் எறும்பு வரும், பசித்த கிழவர் வருவார், கதையே அங்கிருந்துதான் நகரும். அந்தச் சோற்றைக் கட்டிக் கொடுத்தவளுக்கு மகன் எங்கே போகிறான் என்று தெரியும். தெற்கே போகாதே, மற்ற மூன்று திசைக்கும் போ என்று சொல்லித்தான் அனுப்புவாள். அவன் தெற்கேதான் போவான், அது வேறு. ஆனாலும் எந்தத் திசையில் போயிருக்கிறான் என்பது வீட்டுக்குத் தெரியும்.

விக்கிரமாதித்தனைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறாய். ஆடிட் ஆபீசில் இருக்கிறவள் அந்தக் கணக்கைச் சரியாகப் பார்த்திருக்க வேண்டாமா? ஆயிரம் வருடம் அரியணையில் இருந்து ஆளலாம் என்று ராஜாவுக்கு வரம். மந்திரி பட்டிக்கோ இரண்டாயிரம் வருட ஆயுள். ராஜா முந்திப் போய்விடக் கூடாதே என்று பட்டி ஒரு வழி கண்டுபிடித்தான்: ஆறு மாதம் நாட்டை ஆள வேண்டியது, ஆறு மாதம் காட்டில் இருக்க வேண்டியது, காட்டில் கழிகிற நாள் வரத்தில் கழியாது, ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். காடாறு மாதம் என்பது பக்கத்தில் இருந்த மனிதன் உட்கார்ந்து போட்டுக் கொடுத்த கணக்கு. காடாறு மாதம் முடிந்தால் நாடாறு மாதத்துக்கு ஆள் வந்து உட்கார்ந்தாக வேண்டும். ராஜா ஜெர்மனிக்கு ஆன்சைட் போயிருக்கிறார் என்று பட்டி உஜ்ஜயினியில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆண்டர்சனையும் விடவில்லை நீ. அவர் ஊர் சுற்றியவர்தான். அவருடைய டேனிஷ் மொழியில் தேவதைக் கதைக்கும் சாகசத்துக்கும் ஒரே சொல்தான் என்பது உனக்குப் பிடிக்கும், எடுத்துக்கொள். தங்குகிற இடம் தீப்பிடித்துக்கொண்டால் ஜன்னல் வழியாக இறங்க வேண்டுமே என்று போகிற இடமெல்லாம் பெட்டியில் ஒரு கயிற்றை வைத்திருந்த பயந்தாங்கொள்ளியும் அவர்தான். ஆனால் அந்த மனிதர் முதல்முதலாக வீட்டை விட்டுக் கிளம்பிய விதம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1819-ஆம் வருடம், வயது 14. அப்பா செருப்புத் தைப்பவர், இறந்துவிட்டார். அம்மா ஊரார் துணியை ஆற்றில் துவைத்துப் பிழைப்பவள். கோபன்ஹேகன் போகிறேன் என்று பையன் அழுது அடம்பிடிக்கிறான். அந்த அம்மா நம் ஊர் அம்மா மாதிரியே ஒரு குறிகாரியிடம் போய்க் கேட்கிறாள். இவனுக்காக ஒருநாள் இந்த ஊரே விளக்கேற்றும் என்று குறிகாரி சொல்லிவிட்டாள். (1867-இல் அவருடைய ஊரான ஓடென்ஸ் நகரம் உண்மையிலேயே அவருக்காக விளக்கேற்றியது.) அதன் பிறகு அந்த அம்மாவே துணிகளைச் சின்ன மூட்டையாகக் கட்டி, தபால் வண்டிக்காரனிடம் கூலி பேசி, ஊர் வாசல் வரை கூட நடந்து போய் வழியனுப்பினாள். வாசலில் பாட்டி நின்றிருந்தாள். பேரன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அவளை அவர் மறுபடி பார்க்கவேயில்லை.

அந்தப் பையன் நினைத்திருந்தால் அம்மாவிடம் பக்கத்து ஊரில் தையல் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அழுது, சண்டை போட்டு, அனுமதி வாங்கினான். அதற்கு எத்தனை நாள் ஆனாலும் அதுதான் முதல் மலை. நீ அந்த மலையைச் சுற்றிக்கொண்டு போய்விட்டு, குன்சும் கணவாயின் 15,000 அடியைப் பற்றி எனக்கு எழுதுகிறாய்.

இனி என் வீட்டுக் கதை. இதை இந்தப் பக்கத்தில் நான் எழுதியதில்லை.

என் அப்பா 1951-இல் தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினைந்து வயதில் பம்பாய்க்கு ஓடிவந்தவர். டிக்கெட் கிடையாது. மெட்ராஸில் பம்பாய் வண்டி ஏறி, சீட்டுக்கு அடியில் மூட்டைகளுக்கு நடுவில் படுத்து, டிக்கெட் பரிசோதகரின் பூட்ஸ் காலை மூக்குக்கு நேரே பார்த்தபடி வந்து விக்டோரியா டெர்மினஸில் இறங்கினார். வழியில் யாரோ ஒரு சர்தார்ஜி ரொட்டி கொடுத்தாராம். தாராவியில் தோல் ஷாப்பில் வேலை. எங்கள் ஒற்றை அறைக் கோலியில் ராத்திரி விளக்கணைத்ததும் நாங்கள் நாலு பிள்ளைகளும் கேட்டுத் தூங்கிய கதை இதுதான். பூட்ஸ் கால் வரும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம். எங்களுக்கு வேறு ராஜகுமாரன் தேவைப்படவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஊருக்குப் போனோம். ஒருநாள் சாயங்காலம் ஆச்சி எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். பெருமையாக, "அப்பா எப்படி வந்தாங்க தெரியுமா ஆச்சி?" என்று ரயில் கதையை நான் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பின்னுவதை நிறுத்தவில்லை.

"குளிக்கப் போறேன்னு துண்ட எடுத்துட்டுப் போனாம்ட்டி ஒங்கப்பன். பொழுது சாஞ்சும் வரல. அவனுக்கு நீச்சலு அரகொறதான். மூணு கெணத்துலயும் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுனாவ. கனமா எதாச்சும் மாட்டும்போதெல்லாம் எனக்கு ஈரக்கொல நடுங்கும். ஒரு தடவ வெங்கலப் பானை வந்துச்சு. ஒரு தடவ ஆட்டுக்கல்லு. மூணு மாசங் கழிச்சு ஒரு கார்டு வந்துச்சு, சொகமா இருக்கேன்னு."

உனக்குப் பாதாளக்கரண்டி தெரியுமோ என்னவோ. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற இரும்புக் கொக்கிக் கொத்து. அதைக் கயிற்றில் கட்டி இறக்கி, அடித்தரையில் மெதுவாக இழுத்துக்கொண்டே வருவார்கள்.

அப்பா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். பம்பாய் திரும்பிய பிறகு அவர் அந்த ரயில் கதையை எங்களுக்குச் சொல்லவேயில்லை. கேட்டால், தூங்குங்கள் என்று திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இப்போது உன் சந்திரதாலுக்கு வருகிறேன். 14,000 அடி உயரம், சிக்னல் இல்லாத இரண்டு ராத்திரி, அதற்குப் பெயர் விடுதலை. அந்த மலைப் பாதையில் மண் சரிவது புதிதல்ல. ஏதாவது ஆகியிருந்தால் உன் அம்மா பாதாளக்கரண்டியைப் புனேயில் போட்டுத் துழாவிக்கொண்டிருந்திருப்பார். சரி, உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு ராத்திரியில் உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்திருந்தால்? பைபாஸ் ஆன மனிதர் என்று நீயேதான் எழுதுகிறாய், அதையும் போகிற போக்கில். அம்மா உன் போனுக்கு அடித்துப் பார்த்து, போனைத்தான் வாங்கி வைத்திருப்பார்களே என்று உன் ஆபீசுக்கு அடித்திருப்பார். "ட்ரெயினிங்கா? மேடம் லீவில் போயிருக்கிறார்களே" என்று ஒரு பையன் சொல்லியிருப்பான். கணவனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண்ணின் காதில் விழ வேண்டிய வார்த்தையா அது? இதை நீ ஒருமுறைகூட நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் கோபம். பெண் தனியாக ஊர் சுற்றக் கூடாது என்பவள் நான் இல்லை. நாற்பத்தோரு வயதில் இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு கேதார்நாத் போனவள் நான். மாமியார் போகக் கூடாது என்றார். ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். கிளம்புகிற அன்று முறுக்கு டப்பா கொண்டுவந்து வைத்தார், பேசவில்லை. 'போகிறேன்' என்று சொல்லாமல் 'போய்ட்டு வரேன்' என்று வாசலில் நின்று சொல்வதற்கு ஒரு வீடு வேண்டும் என்று நம்புகிறவள் நான். இது பழைய காலத்துப் புத்தி என்று உனக்குத் தோன்றினால் தோன்றட்டும்.

இன்னொன்று. பதினோரு பக்கம் ஏன் எழுதினாய்? உன் கேள்வி அரைப் பக்கம்தான். மீதியெல்லாம் ஸ்பிதி. ஏரி எந்த நேரத்தில் என்ன நிறம், கூடாரத்துக்குள் மூச்சு எப்படிப் புகையாக வந்தது, டீ கொடுத்த கிழவியின் கையில் எத்தனை மோதிரம். முன்பின் தெரியாத எனக்கு எதற்கு இவ்வளவும்?

ஒரு கிழவி கதை நம் பக்கம் உண்டு. உன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு மகன், இரண்டு மருமகள், நாலு பேரும் கிழவியைப் படாதபாடு படுத்துகிறார்கள். யாரிடமும் சொல்ல வழியில்லாமல் உள்ளேயே வைத்து வைத்து அவள் உடம்பு ஊதிக்கொண்டே போகிறது. அதற்கும் கேலி. ஒருநாள் ஊருக்கு வெளியே ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போய், எதிரில் இருந்த சுவரிடம் மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது, உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. இப்படி ஒவ்வொருவர் செய்ததற்கும் ஒரு சுவர். நாலும் விழுந்ததும் லேசாகி வீட்டுக்கு நடக்கிறாள்.

உன் கதையில் நான்தான் அந்தச் சுவர். ஏழு மாதமாக அந்த ஏரியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, அப்பா டிவி பார்க்கிற அறையில் வாயை மூடிக்கொண்டு நடமாடுகிறாய். அரிசி புடைத்தபடி உனக்கு ஏழு மலை கதை சொன்னவள் ஒருத்தி இருக்கிறாள். நிஜ மலையைப் பார்த்துவிட்டு வந்து நீ அவளிடம் கதை விட்டிருக்கிறாய். இதில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டிமார்களிடம் கதை கேட்கப் போகிறாளாம்!

ஆகவே ஜெர்மனி வேண்டாம். ஒரு வருடம் என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு கேட்டுப் பார், தரவில்லை என்றால் அப்புறம் வேலையை விடுவதைப் பற்றி யோசி. ஏழு லட்சத்தில் இரண்டை அப்பாவின் ஆஸ்பத்திரிக்கு என்று தொடாமல் ஒதுக்கி வை. நீ இல்லாத மாதங்களில் செக்கப்புக்கு அவரை யார் கூட்டிப்போவது என்று ஒரு ஆளைப் பெயரோடு ஏற்பாடு செய். இதெல்லாம் சின்ன விஷயம், உனக்கே தெரியும்.

பெரிய விஷயம் ஸ்பிதி. அதை முதலில் சொல். உட்கார்ந்து, போட்டோக்களை எல்லாம் காட்டிச் சொல். புளியோதரையையும் சொல், அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்லாதே. அம்மா கத்துவார். உன்னோடு ஒரு வாரம் பேசமாட்டார், தட்டை மட்டும் சத்தமாக வைப்பார். தாங்கிக்கொள். நீ செய்ததற்கு அது குறைவுதான்.

இந்தப் பத்திரிகையில் அம்மா முதலில் புரட்டுவது இந்தப் பக்கம்தான் என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். உன் பெயரை எடுத்துவிட்டேன். புளியோதரையை எடுத்தால் பதிலே இல்லை, அதனால் எடுக்கவில்லை. இதன் நகலைப் பத்து நாளுக்கு முன்பே உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பிவிட்டேன். இதழ் கடைக்கு வருவதற்குள் நீ சொல்லியிருப்பாய்.

செம்பூர் அம்மா, இது உங்களுக்கு. இரண்டு நாள் பட்டினி கிடந்து வயதுக்கு வந்த பெண்ணைக் கட்டிப்போட்டது நீங்கள்தான். அவள் பொய் சொல்லக் கற்றுக்கொண்டதில் பாதி உங்கள் கணக்கு. திட்டி முடித்த பிறகு அதையும் கொஞ்சம் யோசியுங்கள். அடுத்த தடவை அவள் மலைக்குப் போகும்போது சாதத்தைக் கலந்து கட்டாதீர்கள், அந்தக் குளிரில் விறைத்துப்போகும். புளிக்காய்ச்சலை மட்டும் எண்ணெய் தாராளமாக விட்டு, ஈரமில்லாத பாட்டிலில் போட்டுக் கொடுங்கள். சுடுசாதம் அங்கே கிடைக்கும். பாட்டிலைப் பெரிய பெட்டிக்குள் வைத்து செக்-இன்னில் போடச் சொல்லுங்கள், கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் நிறுத்திவிடுவார்கள்.